ஜெர்மனியில் பிறக்கும் குழந்தை, இந்திய அம்மா, இலங்கை அப்பா: எந்தக் குடியுரிமை, எப்படி வாங்குவது?

நான் திருச்சிக்காரி, இந்திய பாஸ்போர்ட். கணவர் யாழ்ப்பாணம், இலங்கை பாஸ்போர்ட். 2024 ஆகஸ்டில் எங்கள் மகள் ஜெர்மனியில் பிறந்தாள். அவள் கைக்கு ஒரு பாஸ்போர்ட் வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் அவளை இந்த நாட்டு எல்லைக்கு வெளியே தூக்கிப்போக முடியவில்லை. திருக்கடையூரில் நடந்த என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தோம்.

எங்களைப் போன்ற குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. ஒருவர் தமிழ்நாடு, ஒருவர் ஈழம். இல்லையென்றால் ஒருவர் இங்கேயே வளர்ந்து ஜெர்மன் குடியுரிமை பெற்றவர். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வொருவர் நிலையும் வேறு. அதனால் படிகளை வரிசையாக எழுதுகிறேன். கர்ப்பமாக இருக்கும்போதே படித்தால்தான் இதில் பாதி உதவும்.

1. குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகளா என்று முதலில் பாருங்கள்

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்தத் தூதரகத்துக்கும் போகாதீர்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான். மூன்று நிலைகள் உண்டு.

அம்மா, அப்பா இருவரில் ஒருவர் ஜெர்மன் குடிமக்கள் என்றால் குழந்தையும் பிறந்த நொடியிலிருந்து ஜெர்மன்தான். தனியாக விண்ணப்பம் எதுவும் கிடையாது. அப்பா மட்டும் ஜெர்மன், கல்யாணமும் ஆகவில்லை என்றால் மட்டும் அவர் முறைப்படி தந்தைமையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். யூகெண்டாம்ட் என்கிற குழந்தைகள் நல அலுவலகத்தில் இதை இலவசமாகச் செய்து தருகிறார்கள். பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

இருவருமே வெளிநாட்டவர், ஆனால் இருவரில் ஒருவர் ஐந்து வருடமாகச் சட்டப்படி இங்கே வசிக்கிறார், நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருக்கிறார் என்றால் அப்போதும் குழந்தை ஜெர்மன்தான். 2024 ஜூன் 27 வரை இது எட்டு வருடமாக இருந்தது. இப்போது ஐந்து. பழைய கட்டுரைகளில் எட்டு என்றுதான் இருக்கும், நம்பாதீர்கள். அதே நாளிலிருந்து ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையையும் ஏற்கிறது. வளர்ந்த பிறகு ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பழைய கட்டாயமும் போய்விட்டது.

இந்த இரண்டிலும் அடங்காவிட்டால் குழந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை இல்லை. இங்கே பிறந்தாள் என்பது மட்டும் போதாது.

நாங்கள் இடறியது இரண்டாவது நிலையில். என் கணவர் 2018-இல் ப்ளூ கார்டில், அதாவது பட்டம் படித்து வேலைக்கு வருபவர்களுக்கான வதிவிட அட்டையில் வந்தவர். குழந்தை பிறந்தபோது அவருக்கு ஐந்து வருடம் தாண்டிவிட்டது. ஆனால் ப்ளூ கார்டு நிரந்தர உரிமை ஆகாது. அதற்கு நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ் என்ற தனி அட்டை வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு அது 27 மாதத்தில் கிடைக்கும், ஜெர்மன் மொழியில் பி1 இருந்தால் 21 மாதத்திலேயே. அவர் வேலை மாறினார், அப்புறம் கல்யாணம், அப்படியே தள்ளிப்போனது. நான் மாசமான பிறகுதான் விண்ணப்பித்தோம். மகள் பிறந்து பதினோராம் நாள் அட்டைக்கு அனுமதி வந்தது. அந்தப் பதினோரு நாளால் அவளுக்கு ஜெர்மன் குடியுரிமை இல்லை. பிறந்த தேதியில் கையில் இருந்ததுதான் கணக்கு. விண்ணப்பம் போட்டிருந்தோம் என்று சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதனால் இந்த விஷயத்தில் மூன்றைக் கவனியுங்கள்:

- இரண்டு நிபந்தனைகளும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். கணவரிடம் ஐந்து வருடம், மனைவியிடம் நிரந்தர அட்டை என்று பிரித்துச் சேர்க்க முடியாது.
- நிரந்தர அட்டை சீக்கிரம் கிடைத்தாலும் ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். 27 மாதத்தில் அட்டை வாங்கிவிட்டு, மூன்றாம் வருடம் குழந்தை பெற்றுக்கொண்டு, ஜெர்மன் குடியுரிமை இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
- நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் போய் இருந்திருந்தால் ஐந்து வருடக் கணக்கு அறுபட்டுப்போகலாம்.

நிரந்தர அட்டைக்கு 113 யூரோதான் கட்டணம். தகுதி வந்த மாதமே விண்ணப்பியுங்கள், குழந்தைத் திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2. பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கு முன் யோசியுங்கள்

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். என் அம்மாவும் கூப்பிட்டார். மனசுக்கு அது பெரிய ஆறுதல்தான், ஆனால் குடியுரிமைக் கணக்கு மாறிவிடும்.

இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர், இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்ல என்றால், பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. தூதரகப் பதிவு, ஒரு வருடக் கெடு எதுவும் வேண்டாம். இது வசதி. ஆனால் மேலே சொன்ன ‘ஐந்து வருடம், நிரந்தர அட்டை’ வழி ஜெர்மன் மண்ணில் பிறந்தால் மட்டும்தான். ஊரில் பிறந்தால் அது போய்விடும். குழந்தையை இங்கே அழைத்துவரக் குடும்ப விசாவும் எடுக்க வேண்டும். கட்டணம் குறைவு, சிறுவர்களுக்கு 37.50 யூரோ. காத்திருப்புதான் அதிகம். அப்பா இங்கே, அம்மாவும் பிள்ளையும் அங்கே என்று மாதக்கணக்கில் ஓடும்.

பெற்றோரில் ஒருவர் ஜெர்மன் குடிமக்கள் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பிள்ளை எங்கே பிறந்தாலும் அவர் வழியாகக் குடியுரிமை வரும்.

3. ஏழாம் மாதத்துக்குள் பத்திரங்களைச் சேருங்கள்

பிறப்பைப் பதிவது ஸ்டாண்டஸாம்ட் என்ற பதிவு அலுவலகம். அங்கே கேட்பவை:

- இருவரின் பாஸ்போர்ட், வதிவிட அட்டை
- இருவரின் பிறப்புச் சான்றிதழ்
- திருமணச் சான்றிதழ்
- இவற்றில் ஜெர்மனில் இல்லாதவற்றுக்கு, இங்குள்ள நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் செய்த மொழிபெயர்ப்பு

படிக்கச் சின்னப் பட்டியலாகத் தெரியும். எங்களுக்கு ஒன்பது மாதம் போனது இதில்தான்.

முதல் சிக்கல், என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் உடனே எடுத்துப் பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, பெண் குழந்தை என்று இருக்கும், குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு செய்த காலம் அது. நம் ஊரில் பள்ளிச் சான்றிதழை வைத்தே எல்லாம் நடந்துவிட்டதால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். இங்கே அது செல்லாது. பிறந்த இடத்தின் மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் பெயர் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டும். என் அப்பா நான்கு தடவை அலைந்தார்.

இரண்டாவது, கணவரின் பிறப்புச் சான்றிதழ் முழுக்கத் தமிழில். பாஸ்போர்ட்டிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பாளர் சர்வதேச எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி பெயரை எழுதிவிட்டார். மேலே கோடு, கீழே கோடு போட்ட எழுத்துகளோடு, பாஸ்போர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வந்து நின்றது. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் கொடுங்கள். ‘பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் இது’ என்று மொழிபெயர்ப்பில் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். அலுவலகத்திலும் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. இந்தியப் பத்திரங்களுக்கு டெல்லியிலோ சென்னையிலோ அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை வாங்கிவந்தாலும் ஜெர்மனி அதை ஏற்காது. அதற்குப் பதிலாக, பத்திரம் உண்மைதானா என்று இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக நேரில் விசாரிப்பார்கள். ஒரு வழக்கறிஞர் பதிவு அலுவலகத்துக்குப் போய் மூலப் பதிவேட்டைப் பார்த்து எழுதி அனுப்புவார். இதை நாமாகப் போய்ச் செய்துகொள்ள முடியாது. இங்குள்ள அலுவலகம் கேட்டால்தான் நடக்கும். பல மாதம் ஆகும், செலவும் நம் தலையில்தான். இலங்கைப் பத்திரங்களுக்கும் இதே போன்ற விசாரணை கேட்கலாம், எங்களிடம் கேட்டார்கள். இருவருக்கும் சேர்த்து 800 யூரோவுக்குப் பக்கத்தில் ஆனது.

இதிலிருந்து தப்ப ஒரு வழி, குழந்தை பிறக்கும் முன்பே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, ‘எங்கள் பத்திரங்கள் இவை, விசாரணை தேவைப்படுமா, இப்போதே தொடங்க முடியுமா’ என்று கேட்பது. ஊருக்கு ஊர் நடைமுறை வேறு. சில ஊர்களில் விசாரணை கேட்பதே இல்லை. ஜெர்மனியிலேயே கல்யாணம் செய்தவர்களுக்கு அப்போதே எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். அந்தக் கோப்பு எண்ணைக் கொடுத்தால் போதும்.

இந்தியரும் இலங்கையரும் தமிழ்நாட்டில் கல்யாணம் செய்வதாக இருந்தால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதற்கேற்ப விடுமுறை எடுங்கள். மண்டபத்துப் புகைப்படத்தையும் கோயில் ரசீதையும் வைத்து இங்கே எதுவும் நடக்காது.

4. பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பா பெயர் கஜேந்திரன், அவருடைய அப்பா சிவராசா. இலங்கை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் ‘சிவராசா’ என்று இருக்கும். அம்மா கயல்விழி. இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அவருடைய அப்பா பெயர் இருக்கும். இப்போது பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்ன? நம் வழக்கப்படி அப்பா பெயரான கஜேந்திரன் வர வேண்டும். ஜெர்மன் பதிவு அலுவலகத்தின் கணக்குப்படி தாத்தா பெயரான சிவராசா வரும். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இல்லாமல் தாத்தாவின் பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

2025 மே 1 முதல் ஜெர்மனியின் பெயர்ச் சட்டம் மாறியிருக்கிறது. இப்போது பெற்றோர் இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராக வைக்கலாம். தாய்நாட்டுச் சட்டப்படி பெயர் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு இடம் உண்டு, ஆனால் அலுவலர் தானாகச் சொல்ல மாட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். போட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு. பெற்றோருக்குப் பொதுவான குடும்பப் பெயர் இல்லாவிட்டால் பிள்ளைக்கு எது என்று ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

எது வைத்தாலும் சரி, ஆங்கில எழுத்தில் ஒரே கூட்டல், ஒரே வரிசை. ஜெர்மன் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் தூதரகப் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் வரும். எங்கள் மகள் பெயரில் ‘ழ’ இருக்கிறது. அதற்கு எந்த ஆங்கில எழுத்து என்று நாங்கள் வீட்டில் முடிவு செய்யாமலே போய்விட்டோம். கணவர் ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு மாதிரி எழுத, நான் அலுவலகப் படிவத்தில் வேறு மாதிரி எழுத, விளக்கக் கடிதம் கொடுத்துத்தான் சரியானது.

5. பிறந்த பிறகு முதல் மாதம்

பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும், அதை ஆஸ்பத்திரியே செய்துவிடும். பத்திரங்களை நாம் கொடுக்க வேண்டும்.

சான்றிதழ் வாங்கும்போது பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ் என்று கேளுங்கள். ஜெர்மனில் இண்டர்நாட்சியோனாலே கெபூர்ட்ஸ்ஊர்குண்டே. அதில் ஆங்கிலமும் இருப்பதால் இரண்டு தூதரகங்களுக்கும் தனி மொழிபெயர்ப்பு வேண்டியிருக்காது. குறைந்தது நான்கு பிரதி வாங்குங்கள். ஒன்று 10 முதல் 15 யூரோ, மாநிலத்தைப் பொறுத்து. கிண்டர்கெல்டு என்ற குழந்தை உதவித்தொகைக்கும் எல்டர்ன்கெல்டு என்ற பெற்றோர் உதவித்தொகைக்கும் தனித்தனிப் பிரதி இலவசமாகத் தருவார்கள்.

பத்திர விசாரணை முடியாவிட்டால் சான்றிதழ் தர மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பிறப்புப் பதிவேட்டின் சான்றளித்த நகல் ஒன்று தருவார்கள். ‘பெற்றோரின் அடையாளம் உறுதி செய்யப்படவில்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கும். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயப்பட வேண்டாம், அதுவும் சட்டப்படி செல்லுபடியாகும் பத்திரம்தான். கிண்டர்கெல்டு, எல்டர்ன்கெல்டு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதை வைத்தே வாங்கலாம். சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிண்டர்கெல்டு பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள், எல்டர்ன்கெல்டு மூன்று மாதத்துக்குத்தான். ஒன்றுமே தராமல் இழுத்தடித்தால் இந்த நகலையாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குழந்தை ஐந்து வருட விதிப்படி ஜெர்மன் குடிமகளா என்பதைப் பதிவு அலுவலகமே வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்டு முடிவு செய்யும். பதிலைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஜெர்மன் குடிமகள் என்றால்: ஜெர்மன் பாஸ்போர்ட், அப்புறம் ஓசிஐ

இது நேர் வழி. குழந்தைகளுக்கான தனிச் சிறு பாஸ்போர்ட் 2024 ஜனவரியோடு நின்றுபோனது. இப்போது கைக்குழந்தைக்கும் வழக்கமான பாஸ்போர்ட்தான், 37.50 யூரோ, ஆறு வருடம் செல்லும். ஆனால் முகம் மாறிப்போனால் அதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டிவரும். படம் டிஜிட்டலாக மட்டும்தான்.

அடுத்தது ஓசிஐ, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவழியினருக்கு இந்தியா தரும் அட்டை. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமக்கள் என்றால் பிள்ளைக்குக் கிடைக்கும். கட்டணம் 275 டாலருக்கு ஈடான யூரோ, அதோடு சேவைக் கட்டணம். இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட், பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் வேண்டும். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ பாட்டன், முப்பாட்டன் வரை யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் கிடைக்காது. இலங்கைக்கு அந்தத் தடை இல்லை.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாசத்தில் முதலில் இந்திய பாஸ்போர்ட்டும் எடுத்துவிடுகிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிள்ளையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் இந்தியப் பதிவே நடக்கும். பிறகு ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் ஓசிஐ. ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்காமல் இந்திய பாஸ்போர்ட்டோடு இங்கே இருக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. ஜெர்மன் குடிமகளுக்கு ஜெர்மனி விசா ஒட்டித் தராது. ஆகவே பிறப்பால் ஜெர்மன் என்றால் இந்திய பாஸ்போர்ட் பக்கமே போகாமல் நேராக ஓசிஐக்குப் போங்கள்.

ஓசிஐ என்பது குடியுரிமை அல்ல, வாழ்நாள் விசா மாதிரி. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பிள்ளையை மருத்துவம் படிக்க ஊருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 மார்ச் அறிவிப்பின்படி நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் ஓசிஐக்காரர்களுக்கு என்ஆர்ஐ இடங்கள் மட்டும்தான்.

7. ஜெர்மன் குடிமகள் இல்லையென்றால்: இந்தியாவா, இலங்கையா?

இரண்டு நாட்டுச் சட்டமும் அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும் குடியுரிமை தருகின்றன. இலங்கையில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அம்மா வழியும் உண்டு. இரண்டுக்கும் கெடு ஒன்றுதான், பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் இந்தியாவில் மத்திய அரசின் அனுமதி தேவை. இலங்கையில் தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் காலநீட்டிப்பு தரலாம்.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்தியப் பதிவில் கொடுக்கும் உறுதிமொழிக்கு அது எதிரானது. செய்யாதீர்கள்.

எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை எந்தத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அடிக்கடி போகும், எந்தத் தூதரகம் சீக்கிரம் முடித்துத் தரும், பெற்றோரில் யார் பத்திரம் தயாராக இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் இந்தியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நாட்கள் குறைவாக இருந்தன, பாஸ்போர்ட்டை வாங்கும் வழி இங்கேயே முடிந்துவிடும்.

கணவர் இங்கே அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர் என்றால் இலங்கைத் தூதரகத்தின் படி ஏறுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சொந்த நாட்டுத் தூதரகத்தோடு வைக்கும் தொடர்பு அவருடைய அகதி நிலையையே கேள்விக்குள்ளாக்கலாம். அந்தக் குடும்பங்களுக்கு இந்திய அம்மா வழியே பாதுகாப்பானது.

8. இந்தியத் தூதரகத்தில் பதிவும் பாஸ்போர்ட்டும்

இவை இரண்டு தனி வேலைகள். முதலில் பிறப்புப் பதிவு, அதை உள்துறை அமைச்சகத்தின் இந்தியக் குடியுரிமை இணையதளத்தில் நிரப்ப வேண்டும். பிறகு பாஸ்போர்ட், அதற்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் பதிவு தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மாநிலம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். பெர்லினில் தூதரகம், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக்கில் துணைத் தூதரகங்கள். நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலன்காரர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ், இருவரின் பாஸ்போர்ட் மூலமும் நகலும், வதிவிட அட்டைகள், திருமணச் சான்றிதழ், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழி, பாஸ்போர்ட்டுக்கு அனெக்ஷர் டி என்ற பெற்றோர் உறுதிமொழிப் படிவம். அனெக்ஷர் டியில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இருவரும் நேரில் போவது நல்லது. திருமணச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

கைக்குழந்தைக்குக் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். எங்கள் மகளுக்கு அப்போது பத்து மாதம் தாண்டியிருந்தது. கவுண்டர் முன் நின்று மையைத் தொட்டு வைக்கப் பார்த்தால் கையை இறுக்கி மூடிக்கொண்டாள். விரலைப் பிரித்தால் மை அவள் கன்னத்தில், என் துப்பட்டாவில், கடைசியில் படிவத்தில் கட்டத்துக்கு வெளியே. அதனால் படிவத்தை மறுபடி அச்செடுத்து வர வேண்டியிருந்தது. தூங்கும்போது மெதுவாக விரலைப் பிடித்து வைத்தால் ஒரு நிமிட வேலை. இரண்டு மூன்று பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் கட்டணம் ஏறக்குறைய 50 டாலருக்கு ஈடான யூரோ. ஐந்து வருடம் செல்லும்.

எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வந்தது ஒன்பதாம் மாதம். தூதரகப் பதிவு முடிந்தபோது ஒரு வருடக் கெடுவுக்கு மூன்று வாரம் மிச்சம் இருந்தது. உங்கள் பத்திர விசாரணையும் எட்டு மாதத்தைத் தாண்டினால் கையில் இருக்கும் பதிவேட்டு நகலோடு தூதரகத்துக்கு எழுதுங்கள், அதை ஏற்பார்களா என்று கேளுங்கள். கெடுவுக்குள் எழுதினோம் என்பதற்கு மின்னஞ்சல் ஆதாரமாவது இருக்கும்.

9. இலங்கை வழி

பெர்லினில் உள்ள தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, வம்சாவழிக் குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய் வரும், அதனால் மாதக்கணக்கு. குடியுரிமைச் சான்றிதழ் வந்த பிறகுதான் பாஸ்போர்ட். இலங்கைப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். போரில் பத்திரம் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறப்பால் ஜெர்மன், அப்பா இலங்கை என்றால் ஜெர்மன் குடியுரிமையோடு இலங்கைக் குடியுரிமையும் சேர்ந்து இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வம்சாவழியாக வந்த இலங்கைக் குடியுரிமை, மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் 22 வயதோடு போய்விடும். ஓசிஐ படிவத்தில் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள்.

10. ஆறாம் மாதத்துக்குள்: குழந்தையின் வதிவிட அனுமதி

ஜெர்மன் குடிமகள் இல்லாத குழந்தைக்குப் பிறந்து ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 யூரோ. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். கையில் உள்ள பிறப்புப் பத்திரத்தோடு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டைப் பிறகு காட்டலாம். நாங்கள் ஐந்தாம் மாதம் இப்படித்தான் செய்தோம், அதில் மட்டும் சிக்கல் வரவில்லை.

11. பிறகு நினைவில் வைக்க வேண்டியவை

பெற்றோரில் ஒருவர் பின்னால் ஜெர்மன் குடியுரிமை எடுக்கும்போது பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவருக்கு 255 யூரோ, சொந்த வருமானம் இல்லாத பிள்ளைக்கு 51. என் கணவர் இப்போது இதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறார், மகளையும் சேர்த்து. அது கிடைத்ததும் அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ எடுக்க வேண்டும்.

ஓசிஐ வைத்திருக்கும் பிள்ளைக்கு 20 வயது வரை ஒவ்வொரு தடவை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் புதுப் படத்தையும் பாஸ்போர்ட்டையும் இணையத்தில் ஏற்றுங்கள், கட்டணம் இல்லை. 20 வயதுக்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டோடு ஒரு தடவை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமையோடு வேறொரு நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால் வந்திருந்தால், 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்த வேறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், போகும் வாரத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். மொழிபெயர்ப்புக்கு எங்களிடம் பக்கத்துக்கு 30 முதல் 60 யூரோ வரை கேட்டார்கள், இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தால் குறையும். மூலப் பத்திரங்களைத் தபாலில் அனுப்பாதீர்கள், நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள்.